முன்சக்கர பிரேக் டிஸ்க்கையும் பேடையும் வீட்டில் மாற்றுவது எப்படி

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; பேட் என்பது அதை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் உராய்வுத் துண்டு. சிங்கப்பூரில் இவற்றை மாற்றும் வேலைக்கு முதலில் தேட வேண்டியது இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடங்களில் வாகனத்தைப் பழுதுபார்க்க அனுமதி கிடையாது. ஆகவே தரைவீட்டில் வசிக்கும் உறவினர் ஒருவரிடம் அரைநாளுக்கு முற்றத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நான் சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் என் அக்காள் வீட்டு முற்றத்தில்தான் இதைச் செய்கிறேன். முற்றம் மழைநீர் வடிவதற்காகச் சாலைப்பக்கம் சரிந்திருந்தால், மட்டமான பகுதியைத் தேடி அங்கேயே காரை நிறுத்துங்கள். சரிவில் ஜாக் வைக்கவே கூடாது.

முதன்முறை செய்வோர் முன்சக்கரங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின்சக்கரங்களில் கைப்பிரேக்கின் அமைப்பும் சேர்ந்திருக்கும். அது மின்சாரத்தால் இயங்குவதாக இருந்தால், பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு முன் அதைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், பல கார்களில் அதற்குத் தனிக் கருவி தேவைப்படும்.

புதிய பேடின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். அது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். டிஸ்க்குக்கு உரிய குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். சின் மிங், ஊபி வட்டாரங்களில் உள்ள உதிரிபாகக் கடைகளில் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்கினால் அளவு தவறாது. டிஸ்க்கானாலும் பேடானாலும் இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

கைப்பிரேக்கை இழுத்து, கியரை பார்க்கிங்கில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, இருபுறமும் ஜாக் ஸ்டாண்டில் காரை இறக்குங்கள். காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் இருக்கும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும், பேடுகளும் கிளிப்புகளும் எப்படிப் பொருந்தியுள்ளன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டால், ஐயம் வரும்போது பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். பிஸ்டன் அமைந்துள்ள காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள்; பிரேக் குழாயில் அதன் எடை இறங்கக் கூடாது. பேடுகளை எடுத்துவிட்டு, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வரும். வராவிட்டால் வியக்க வேண்டாம், இந்த ஊர் ஈரப்பதத்தில் டிஸ்க்கும் அது பொருந்தியிருக்கும் ஹப்பும் துருவால் ஒட்டிக்கொள்வது வழக்கம். பல டிஸ்க்குகளில் இதற்காகவே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகவே விலகி வரும்.

பலரும் அவசரப்படும் கட்டம் இனிமேல்தான் வருகிறது. ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். துருவின் ஒரு சிறு செதில் அங்கே மாட்டிக்கொண்டாலும் புதிய டிஸ்க் சற்றே கோணலாக அமரும். பல கார்களில் சுழலும்போது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்னும்போது, அந்தச் செதிலே அளவை மீறப் போதுமானது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும்; டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். என் கணக்கில் மொத்த நேரத்தில் பாதி இந்தத் தூரிகைக்கே போகிறது, அது வீண் நேரமன்று.

புதிய டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுத்துப் பொருத்துங்கள். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். காலிப்பர் சறுக்கும் ஊசிகளைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள்.

புதிய பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன்மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். அப்போது பிரேக் ஆயில் மேலேறித் தொட்டியில் பொங்கும் என்பதை முதன்முறை நான் மறந்துவிட்டேன். வழிந்த ஆயில் ஃபெண்டரின் பெயின்ட்டைக் கொப்புளமாக்கிவிட்டது. மூடியைத் திறந்துவைத்து, அளவு மேல்கோட்டை நெருங்கும்போதே ஊசிக்குழலால் சிறிது எடுத்துவிடுங்கள். எடுத்ததைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், இங்குள்ள மழைநீர்க் கால்வாய்களில் பல நீர்த்தேக்கங்களில்தான் சென்று சேர்கின்றன.

பிராக்கெட், புதிய பேடுகள், காலிப்பர் என்ற வரிசையில் பொருத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பேடின் உராய்வு முகத்தில் கிரீஸ் பட்டுவிட்டால் அந்தப் பேடைப் பயன்படுத்தாதீர்கள். மறுபக்கத்தையும் முடித்துச் சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கியபின், எஞ்சினை இயக்குவதற்கு முன்பாகவே பிரேக் மிதியைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகள் வெறுமையாகவே இறங்கும். மிதி கெட்டிப்படாவிட்டால் காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஞாயிறு அதிகாலையில், லிம் சூ காங் போன்ற ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதும் நிற்காமல், எட்டுப் பத்து முறை இடைவெளி விட்டு மிதமாகப் பிரேக் பிடியுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிய இது உதவும். சூடாக இருக்கையில் மிதியை அழுத்தியபடி நின்றால் ஓரிடத்தில் மட்டும் திட்டாகப் படியும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். கழற்றிய டிஸ்க்குகள் நல்ல வார்ப்பிரும்பு. அக்காள் வீட்டு வாசலுக்கு வரும் காராங் குனிக்காரர் (பழைய பொருள் வாங்குபவர்) அவற்றை மகிழ்ச்சியுடன் எடுத்துச் செல்கிறார்.