புயல்காற்றைத் தாங்கும் வாசல் கதவு: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு எப்படித் தேர்வு செய்வது

கடல் வெகு தூரம், நமக்கென்ன புயல் என்ற நினைப்பில்தான் இந்தப் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்குக் கதவு வாங்குகிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட மழை எப்போதோ ஒருமுறை வருவது. ஆண்டு தவறாமல் வருவது சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு கிளம்பும் சூறைக்காற்று. வாழையைச் சாய்த்து, மாங்காயை உதிர்த்து, தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்கடுத்து ஆடிக்காற்று, நாள்கணக்கில் மேற்கிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கு வாசல் வீடுகளுக்குச் சாரல். நமக்கு வேண்டிய கதவு இந்த மூன்றையும் சமாளிக்க வேண்டும்.

கடைக்குப் போனால் பேச்செல்லாம் பலகையைப் பற்றியே இருக்கும்: தேக்கா, ஸ்டீலா, எத்தனை பூ வேலை. ஆனால் காற்றில் கதவு பெயரும்போது பலகை உடைவது அரிது. முதலில் தாழ்ப்பாளின் திருகு பிடுங்கும், அடுத்து கீல் தளரும், அதற்கடுத்து வாசக்காலே சுவரை விட்டு அசையும். ஆகவே தேர்வைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். பலகைக்கு வருவது கடைசியில்.

எவ்வளவு விசை?

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கு நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39, சென்னைக்கு 50. நம் இரு மாவட்டங்களுக்கும் 39 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பாதுகாப்பான பக்கம் நிற்கலாம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மூன்றரைக்கு ஏழு அடிக் கதவின் பரப்பு ஏறத்தாழ 2.28 சதுர மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் விசை சுமார் 53 கிலோ. காற்று இரு மடங்காகி 140-ஐத் தொட்டால் (நொடிக்கு 39 மீட்டர் என்பது இதுதான்) விசை நான்கு மடங்காகும், அதாவது சுமார் 210 கிலோ. அத்தனையையும் தாங்குவது மூன்று கீலும் ஒரு பூட்டும்தான். பெட்டியில் கொடுக்கும் முக்கால் அங்குலத் திருகை நம்பலாமா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வரிசையாக வீடுகள் உள்ள தெருவில் காற்று உடைந்துதான் வரும். புது லேஅவுட்டில் தனியாக நிற்கும் வீடு, ஏரிக்கரையை ஒட்டிய வீடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலத்தில் விவசாயக் காட்டுக்குள் கட்டிய வீடு ஆகியவற்றுக்கு முழு விசையும் கிடைக்கும். சிமென்ட் ஷீட்டோ தகரமோ போட்ட வீடாக இருந்தால் கதவில் இன்னும் கண்டிப்பு வேண்டும். கூரையை மேலே இழுப்பது வெளியே ஓடும் காற்று. கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தூக்கும். அதனால்தான் கதவு போன வீட்டில் கூரையும் போகிறது.

வாசக்காலும் பிடிப்பும்

வெளிவாசலுக்கு ஐந்துக்கு மூன்று அங்குல மரச்சட்டம் எடுங்கள். நான்குக்கு இரண்டரை உள்ளறைக்குப் போதும். வேம்பு நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, செல் (கறையான்) அரிப்பும் குறைவு. ஆனால் நன்றாகக் காயாத வேம்பு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வாசக்காலில் எந்தக் கதவும் முழுதாகப் படியாது. ஈரம் அளக்கும் மீட்டரால் பார்த்து, 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும் மரத்தையே வாங்குங்கள். வைரம் பாய்ந்த பகுதி மட்டும் போதும், விளிம்பில் வெள்ளை இருந்தால் பூச்சி அங்கேதான் தொடங்கும். தோட்டத்தில் வளர்த்த இளந்தேக்கில் இந்த வெள்ளைதான் அதிகம்.

வாசக்காலைச் சுவரில் பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று. மேலிருந்து ஓர் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழிருந்து ஓர் அடியில் ஒன்று. வெறும் கலவையில் அதைப் புதைத்தால் கதவு அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளரும். சுற்றி ஓரடிக்காவது ஜல்லி கான்கிரீட் போடச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக் சுவரென்றால் வாசக்காலை ஒட்டிய கற்களின் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பியே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஹோல்டுபாஸ்ட் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. இதை மேஸ்திரியிடம் சுவர் எழும்பும்போதே சொல்ல வேண்டும், பூச்சு முடிந்தபின் சொல்லிப் பயனில்லை.

பழைய வீட்டில் வாசக்கால் மாற்றினால் 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட், சுவருக்குள் நான்கு அங்குலமாவது இறங்கும்படி. மேல், கீழ் முனையிலிருந்து அரை அடியில் ஒன்று, இடையில் இரண்டடிக்கு ஒன்று. துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், கலவை இணைப்பில் விழுந்தால் பிடிக்காது. இடைவெளியில் அடிக்கும் நுரை காற்றையும் தூசியையும் அடைக்கும், வாசக்காலைப் பிடித்து நிறுத்தாது.

விலை குறைவென்று பலர் வாங்கும் சிமென்ட் வாசக்காலில் ஒன்றைப் பாருங்கள். கீல் வரும் இடத்தில் மரத்துண்டு பதித்திருந்தால் இரண்டு மழைக்குப்பின் திருகு சுற்றும், பிடிக்காது. இரும்புத் தகடு வார்த்துப் பதித்ததாக இருந்தால் வாங்கலாம். ஸ்டீல் வாசக்காலுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தைக் கலவையால் நிரப்பாமல் விட்டால் தட்டினால் டப்பா ஓசை வரும், கீல் பக்கம் நெளியும்.

உட்பக்கமா, வெளிப்பக்கமா

வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் காற்று வாசக்காலின் காடியோடு சேர்த்து அழுத்தும். காற்று கூடக் கூட இறுக்கமாகும், சாரலும் நுழையாது. நம் வழக்கத்தில் தலைவாசல் உட்பக்கம்தான் திறக்கும், அதை மாற்ற வேண்டியதில்லை. மாற்றாவிட்டால் காற்றின் முழு விசையும் கீலிலும் தாழிலும்தான் விழும் என்பதைத் தெரிந்து அந்த இரண்டையும் பலமாக்க வேண்டும்.

கீல்: ஐந்து அங்குலம், துருப்பிடிக்காத ஸ்டீல் 304 தரம், கனமான கதவுக்கு நான்கு கீல். திருகு 10-ஆம் எண், இரண்டு அங்குலம். ஆசாரி சுத்தியலால் பாதி அடித்துவிட்டு மீதியைத் திருகினால் மரநார் கிழிந்து பிடிப்பு பாதியாகிவிடும். முன்துளை போட்டுத் திருகச் சொல்லுங்கள், அருகிலேயே நின்று பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் கீலின் ஊசி வெளியே தெரியும். ஊசியைக் கழற்ற முடியாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

தாழ்: நடுவில் ஒரே பூட்டு இருந்தால் கதவின் மேல்மூலையும் கீழ்மூலையும் காற்றில் வளையும். சாரல் அந்த வழியாகத்தான் வரும். மேலும் கீழும் தாழ் வேண்டும், மொத்தம் மூன்று இடத்தில் பிடிப்பு. கீழ்த்தாழ் தரைக் கல்லில் போட்ட துளைக்குள் ஓர் அங்குலமாவது இறங்கட்டும், அதைவிட உறுதியான பிடிப்பு வேறில்லை. சிக்கல் மேல்தாழில். உட்பக்கம் திறக்கும் கதவில் டவர் போல்ட்டின் (கதவின் முகத்தில் திருகும் தாழ்) கொக்கியை வாசக்காலின் உள்முகத்தில் திருகுவார்கள். காற்று தள்ளும்போது விசை அந்தத் திருகை நேராகப் பிடுங்கும் திசையில் வரும். எனவே கதவின் விளிம்புக்குள்ளேயே பதியும் தாழைப் போட்டு, அது வாசக்காலின் மரத்துக்குள் ஏறும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் கொக்கிக்கு இரண்டு அங்குலத் திருகாவது போடுங்கள். பூட்டின் நாக்கு நுழையும் தகட்டுக்கும் இதே அளவுதான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மேல்தாழ் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் முடிய வேண்டும். நீளமான கம்பி உள்ள தாழ் கிடைக்கிறது.

இரட்டைக் கதவு பார்க்க லட்சணமாக இருக்கும். காற்றுக்கு அதன் பலவீனம் நடுக்கோடு. எப்போதும் மூடியிருக்கும் பாதிக்கு மேலும் கீழும் 12 அங்குலத் தாழ் கட்டாயம், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் சட்டமும் வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் வீட்டுக்கு ஒற்றைக் கதவே நல்லது.

பலகை

சட்டமும் பேனலும் சேர்ந்த மரக்கதவில் சட்டத்தின் கனம் 35 முதல் 40 மில்லிமீட்டர், அகலம் நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சட்டங்கள் சேரும் மூலையில் கழுந்து (ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) மற்றச் சட்டத்தை முழுதும் ஊடுருவி, மரமுளை அடித்திருக்க வேண்டும். ஆணியும் பசையும் மட்டும் என்றால் வேண்டாம். சிற்ப வேலைக்காகக் குடைந்த இடத்தில் பேனல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று விரலால் பார்த்துவிடுங்கள்.

இருபுறமும் தட்டையாக பிளைவுட் ஒட்டிய பிளஷ் டோர் என்றால் 35 மில்லிமீட்டர், ஐ.எஸ். 2202 முத்திரை, கொதிநீரைத் தாங்கும் பசை, உள்ளே முழு மரக்கட்டை. காகிதத் தேன்கூடு அடைத்த கதவு வெளிவாசலுக்கு ஆகவே ஆகாது.

ஸ்டீல் கதவு காற்றுக்கு நன்றாகத் தாங்கும், தகடு 1.2 மில்லிமீட்டர் இருந்தால். சந்தையில் 0.6, 0.8 தகட்டிலும் அழகாக மரநிறம் அடித்து விற்கிறார்கள். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் குழிவது தெரியும். துத்தநாகம் பூசிய தகடா என்றும் கேளுங்கள். மேற்கு வாசலென்றால் சித்திரை மதியத்தில் தொட முடியாது, அதனால் வெளிர் நிறமும் உள்ளே வெப்பம் தடுக்கும் அடைப்பும் வேண்டும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி கதவு தண்ணீருக்குப் பயப்படாது. ஆனால் வெயிலில் இளகும், திருகை இறுகப் பிடிக்காது, எடையால் தொங்கும். குளியலறைக்கு நல்ல பொருள். பிவிசி கதவை வெளிப்பக்கம் எங்கும் போட வேண்டாம்.

கதவோரக் கண்ணாடி வேண்டுமென்றால் இரு தகடு ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். கிளை வந்து அடித்தால் விரிசல் விடும், ஆனால் வாசல் திறந்துகொள்ளாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1992-இல் ஆண்ட்ரூ புயல் அடித்தபின் கடுமையாக்கிய விதிகளில், நான்கு கிலோ மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்து கதவைச் சோதிக்கிறார்கள். அந்தச் சான்றுள்ள கதவுக்கு நாம் செலவழிக்கத் தேவையில்லை. இங்கே பறந்து வருவது தென்னமட்டையும் தகரமும்தான், வெளியே ஒரு கிரில் கேட் இருந்தால் பெரும்பாலானதை அது வாங்கிக்கொள்ளும்.

சாரல்

சன்ஷேட் இரண்டடி நீட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாரல் 45 பாகையில் சாய்ந்து விழும்போது இரண்டடி சன்ஷேட் கதவின் மேல் இரண்டடியைத்தான் காக்கும், மீதி ஐந்தடி நனையும். மூன்றடி நீட்டுங்கள். அடிவிளிம்பில் ஒரு நீர்க்காடி விட்டால் தண்ணீர் உட்பக்கம் வழிந்து வராது.

வாசற்படிக்கு மரக் கீழ்க்கட்டை வேண்டாம், கிரானைட் போடுங்கள். கிருஷ்ணகிரியில் நல்ல கல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது. வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகவும், உள்தரையைவிட அரை அங்குலமாவது உயர்ந்தும் இருக்கட்டும். வெள்ளிதோறும் மஞ்சள் பூசி, நாள்தோறும் கழுவும் படி அது. வாசக்காலின் அடிக்கால் அந்த ஈரத்தைத்தான் உறிஞ்சி அழுகுகிறது. நடுவதற்கு முன்பே அடிப்பக்கத்தை மூன்று கை எபாக்ஸியோ மர சீலரோ அடித்து மூடச் சொல்லுங்கள். கதவின் மேல், கீழ் விளிம்புக்கும் அப்படியே. மாட்டியபின் பெயிண்டர் தூரிகை அங்கே போகாது, பிளஷ் டோர் ஊதுவது பெரும்பாலும் அந்த விளிம்பிலிருந்துதான்.

பக்கங்களில் 3 மில்லிமீட்டர் இடைவெளி, கீழே 5. ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை சீக்கிரம் உரிந்துவிடும். காடி போட்டுச் சொருகும் இபிடிஎம் ரப்பர் வெயிலையும் தாங்கும். மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே இழைத்துவிடாதீர்கள். பங்குனியில் அது சுருங்கும்போது விரல் நுழையும் சந்து விழும். காயும்வரை பொறுங்கள், அப்போதும் இடித்தால் இழைக்கலாம்.

மொட்டை மாடிக் கதவு

வீட்டிலேயே அதிகக் காற்று வாங்குவது படிக்கட்டு முடியும் இடத்தில் உள்ள கதவுதான். மிச்சமான பணத்தில் வாங்குவதும் அதைத்தான், அதனால் ஒவ்வொரு ஆடியிலும் முதலில் பெயர்வதும் அதுவே. தலைவாசலில் பூ வேலையைக் குறைத்தாவது இங்கே 1.2 மில்லிமீட்டர் ஸ்டீல் கதவு போடுங்கள். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஆறங்குலப் படித்தடுப்பு வேண்டும், திறந்து வைக்கும்போது சுவரோடு பூட்டும் கொக்கியும் வேண்டும். திறந்து கிடந்த கதவு ஒரே வீச்சில் அடித்துக்கொள்வதுதான் கீலைப் பிடுங்குகிறது. குழந்தைகளின் விரலும் அங்கேதான் சிக்குகிறது.

மாட்டியபின்

ஆசாரிக்குக் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை. இருட்டியபின் விளக்கணைத்து நீங்கள் உள்ளே நில்லுங்கள், வெளியே ஒருவர் கதவின் ஓரமெல்லாம் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் வரும் இடத்தில் காற்றும் வரும். அடுத்து எல்லாத் தாழும் போட்டபின், வெளியிலிருந்து நான்கு மூலையையும் தோளால் அழுத்துங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் அசையும் மூலைக்கு அருகே தாழோ கீலோ போதவில்லை. மூன்றாவதாக ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் சாய்வாகத் தண்ணீர் அடித்து உள்ளே தரையைப் பாருங்கள்.

பங்குனியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை கீல் திருகுகளை இறுக்குங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் திருகைக் கழற்றி, துளையில் மரக்குச்சியை நீர்புகாப் பசையோடு அடித்து, காய்ந்தபின் புதிதாக முன்துளை போட்டுத் திருகினால் பழைய பிடிப்பு திரும்பும். கீழ்த்தாழ் இறங்கும் துளையில் மண் சேர்ந்தால் தாழ் பாதிதான் இறங்கும். பெருக்கும்போதே அதையும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள்.