காலாங் ஆற்றங்கரை நடையும் குதிகால் கொப்புளமும்

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் நடக்க ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேராக ஓடிய 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் 3.2 கி.மீ. காலாங் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். இவ்வளவு சுலபமான பாதையில் எனக்கு நான்காவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளித்தது.

ஷூ சின்னது என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கினேன், இன்னும் மோசம். குதிகால் உள்ளே ஏறி இறங்கி உரசியதுதான் கோளாறு. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைத்தது. சம தரையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுவதால், உரசலும் அதே இடத்தில்தான்.

சரியான அளவுக்குத் திரும்பினேன்: நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்க வேண்டும். இரு பக்கமும், கணுக்கால் அருகே சும்மா விட்டிருக்கும் கடைசித் துளையில் அதே பக்க லேஸை வெளியிலிருந்து உள்ளே நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்தில் கோத்து, பின்னோக்கி இழுத்து முடியுங்கள். குதிகால் அசையாது. விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். காலுறை பாலியெஸ்டர் கலந்தது.

மழை வந்தால் ஆற்றோரப் படியில் நிற்காதீர்கள். தண்ணீர் சட்டென ஏறும், அதற்குத்தான் அங்கே எச்சரிக்கை விளக்கும் சைரனும்.