வடகடல் ஓரமாக இரண்டு பேர்: எஸ்.பி.பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை

இராமேசுவரம், தனுஷ்கோடி என்று வருகிறவர்களில் பலருக்கு இராமநாதபுரம் மாவட்டத்தின் வடபக்கம் இன்னொரு கரை இருப்பதே தெரியாது. பஸ்ஸில் எஸ்.பி.பட்டினம் என்று எழுதியிருக்குமே, அந்தச் சுந்தரபாண்டியன்பட்டினத்தில் மாவட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து தொண்டி, காரங்காடு, உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினால் இராமநாதபுரத்துக்கு 70 கிலோமீட்டருக்குள்தான். நேராக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம், எதையும் பார்க்காமல் வந்து சேரலாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராக, ஒரு ராத்திரி தங்கி, நிதானமாகப் போகிறவர்களுக்கு இது. எங்களுக்குப் பரமக்குடி. என் வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியைப் பற்றி வருவதெல்லாம் இவர் சொன்னது, மீதி என்னுடையது.

முதலில் மாதம். இங்கே கடலை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் வடகடல் கலங்கிவிடும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குமேல் கச்சான் காற்று அடிக்கும்போது அப்படியே தலைகீழ். அதனால் கார்த்திகையில் வடகரைக்குப் போனால் மழையும் சேறும் காலி வலைக்குடிலும்தான். தை பாதிக்குமேல், மாசி முழுக்க நல்ல காலம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், பறவை இருக்கும், மிளகாய் பழுக்க ஆரம்பிக்கும், வெயிலும் முதுகை உரிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போதும் வல்லம் என்கிற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் போவார்கள், ஆனால் மீன் விலை ஏறிக்கிடக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். அமாவாசையை, அதிலும் ஆடி, தை அமாவாசையை, விட்டுவிடுங்கள். தீர்த்தாண்டதானத்திலும் தேவிபட்டினத்திலும் திதி கொடுக்க வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் தொண்டியில் பல கடைகள் சாத்தியிருக்கும், சாப்பாட்டை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், மீன் ஏலம் பார்க்கிற ஆசை அன்றைக்கு நடக்காது.

இந்தச் சாலையில் போகும்போது கடல் தெரியும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான தூரத்துக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். கடல் வேண்டுமென்றால் வடக்கிலிருந்து வரும்போது இடது பக்கம் பிரிகிற சின்னச் சாலையில் இறங்க வேண்டும். ஒரு கோயில் வளைவோ, குருசடியோ, பள்ளிவாசல் பலகையோ இருக்கும். அந்தச் சாலை ஊருக்குள் போய்க் கரையில் முடியும். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இப்படி எல்லாவற்றிலும் இறங்க முடியாது. நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, இதில் மூன்று போதும்.

இறங்கும்போது இவர் சொல்கிற இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தார் விட்டு வண்டியை இறக்காதீர்கள். கரையோரத்தில் வெள்ளையாக, காய்ந்து வெடித்த தரை தெரியும். மேலே பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கும். அடியில் களிச்சேறு. சக்கரம் ஒரு தடவை அமுங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். இரண்டாவது, கருவேல முள். வெட்டிப் போட்ட கிளை கிடக்கிற இடத்தில் நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தக்கூடாது. காய்ந்த முள் ஆணி மாதிரி ஏறும். மெதுவாகக் காற்று இறங்குவதால் அடுத்த ஊர் போன பிறகுதான் தெரியும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள், பைக் என்றால் தொண்டியில் ஒரு தடவை டயரைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மீன் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடிந்த பிறகு வல்லங்கள் வரும். கரையில் கொட்டியதும் ஏலம் ஆரம்பிக்கும். ஏலம் விடுகிறவர் ஒரே மூச்சில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார், நாம் தலையாட்டினாலும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் கை, தலை இரண்டையும் அடக்கி ஓரமாக நில்லுங்கள். ஏலம் எடுத்த பெண்கள் அதே இடத்தில் கூறு வைப்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். “அக்கா, ரெண்டு பேருக்குத்தான்” என்று சொன்னால் கூறைப் பிரித்துத் தருவார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் நேற்றையது. நண்டு என்றால் வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்துங்கள், அமுங்கினால் சதை இல்லை. இந்தக் கரையில் நீலக்கால் நண்டு பேர் போனது. இவர் நண்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதாக நடித்து, கடைசியில் அந்த அக்கா கொடுத்ததைத்தான் வாங்குவார். அங்கேயே காசு கொடுத்து வெட்டிக் கழுவச் சொல்லிவிடுங்கள். ஐஸ் பெட்டி கையோடு இருக்கட்டும். வலை பின்னுகிறவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள், பெண்களைக் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

காரங்காட்டை முதல் நாள் காலையில் வையுங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. உயிர்காப்பு உடை போட்டுத்தான் ஏற்றுவார்கள், சேலைக்கு மேலே அது முரண்டு பிடிக்கும், சுடிதார் நல்லது. கிளம்புமுன் போன் செய்து படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு வேண்டுமென்றால் படகில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். நண்டு சூப்பைத் தவறவிடாதீர்கள்.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர். அவருக்கு மேலே கூரை கிடையாது, வெயிலை விரும்பி ஏற்றவர். இராமர் இங்கே வணங்கிவிட்டுத் தேவிபட்டினம் போனார் என்பது ஐதீகம், அந்த வரிசையிலேயே போகிறவர்கள் நிறைய. மதியம் கால் வைக்க முடியாது, அவருக்கு வெயில் உகந்தது என்றால் நமக்குமா? உப்பூரிலிருந்து மேற்கே ஆர்.எஸ்.மங்கலம் போனால் பெரிய கண்மாய். “நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை” என்பார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் மட்டும் போங்கள், இல்லாவிட்டால் மாடு மேய்வதைப் பார்த்துவிட்டு வரலாம்.

தங்குவதற்குக் கரையோரச் சிற்றூர்களை நம்பாதீர்கள். தொண்டியில் சில லாட்ஜ்கள், இராமநாதபுரத்தில் நிறைய. இரண்டு பேருடைய ஆதாரும் கேட்பார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் பெண்ணின் ஆதாரில் அப்பா வீட்டு முகவரி இருக்கும், போனில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தால் பேச்சு சுருங்கும். எதிர்க்கரை இலங்கை என்பதால் சோதனைச்சாவடியில் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்பார்கள், சாதாரணமாகப் பதில் சொன்னால் போதும். டிரோன் மட்டும் வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு விஷயம். டீசல் போட்டாலும் போடாவிட்டாலும் பங்க் கண்ணில் பட்டால் பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். “இப்பத்தானே நிறுத்தினேன்” என்பார்கள். “நிறுத்துங்க” என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். குடிதண்ணீர் இரண்டு கேனாவது வண்டியில் இருக்கட்டும், கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உப்பு.

தேவிபட்டினத்துக்கு இரண்டாம் நாள் காலை வாருங்கள். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிறது, நவபாஷாணம் என்பது அதுதான். சுற்றி நடைமேடை இருக்கிறது. நீர் ஏறியிருந்தால் சில கற்கள் முங்கியிருக்கும். பரிகாரம் செய்யச் சொல்லி வந்து பேசுவார்கள், வேண்டுமென்றால் தொகையை முதலிலேயே பேசிவிட்டு இறங்குங்கள். வேண்டாமென்றால் கும்பிட்டு நடந்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அங்கிருந்து இராமநாதபுரம் 15 கிலோமீட்டர் அளவு. மாசி, பங்குனியில் களத்திலும் ரோட்டோரத்திலும் மிளகாய் காய்வதைப் பார்க்கலாம், அதன்மேல் சக்கரம் ஏற்றாதீர்கள். இந்த ஊர் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, காம்போடு இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மூட்டையைப் பின் சீட்டில் வைத்து ஏசி போட்டால் வீடு வரை இரண்டு பேரும் தும்மிக்கொண்டே வரவேண்டும், டிக்கியில் போடுங்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.