கண்ட பேரிடரை எழுதிவைப்பது எப்படி: ஓர் அளவையாளரின் யோசனைகள்

பேரிடரில் பிழைத்தவர்கள் எழுதியவற்றை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் கண்ணீர் இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது இருக்காது. நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் வீட்டுக்குள் ஆறு புகுந்த இரவில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் ஏறிய ஒவ்வொரு படிக்கும் நேராகச் சுவரில் பென்சிலால் மணியைக் குறித்தேன். என் மனைவிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் பின்னாளில் பாலம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வந்த பொறியாளர் வெகுநேரம் நின்று பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ, எதைக் கடந்து வந்திருந்தாலும் அடுத்தவருக்குப் பயன்படும்படி எழுதிவைக்க முடியும். உயிருக்கு ஆபத்து நீங்கி, காயத்துக்கு மருந்து போட்டு, குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்த பிறகு செய்கிற வேலை இது. அதற்கு முன் அல்ல.

முதல் குறிப்பை, செய்திகளையும் காணொளிகளையும் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து மறுபடியும் கேட்டபோது பலருடைய கதை மாறியிருந்தது. மாறிய கதையையே துளியும் தயக்கமின்றிச் சொன்னார்கள். 1989-இல் கலிபோர்னியாவின் லோமா பிரீட்டா நிலநடுக்கத்தை ஒட்டி நடந்த ஆய்விலோ, நடுக்கத்தை நேரில் உணர்ந்தவர்களின் நினைவு நன்றாகவே நிலைத்தது. தொலைவில் இருந்து செய்தியாக அறிந்தவர்களுடையதுதான் குழம்பியது. ஆகவே உங்கள் உடம்பு அறிந்தது பெரும்பாலும் தங்கும். அதன்மேல் ஊரார் படங்கள் ஏறி உட்காருமுன் தனியாகப் பிரித்து வைத்துவிட வேண்டும். நடை பற்றிக் கவலை வேண்டாம். அரைகுறை வாக்கியங்கள் போதும்.

நேரத்துக்கு மட்டும் நினைவை நம்பாதீர்கள். தரை ஆடும்போது பத்து நொடி ஒரு நிமிடமாகத் தெரியும். கைபேசியின் அழைப்புப் பட்டியல், நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, எடுத்த படத்தில் பதிந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் வரிசையையாவது எழுதுங்கள்: முதலில் மின்சாரம் போனது, பிறகு பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது, அதன்பிறகே வாசலில் தண்ணீர். தேதி யாருக்குத்தான் மறக்கும் என்று விட்டுவிடவும் வேண்டாம். கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்ததை நேரில் கண்ட ரோமானியர் இளைய பிளினி எழுதிய கடிதங்களே நமக்குக் கிடைத்த அருமையான சாட்சியம். அவற்றின் கையெழுத்துப் படிகளை வைத்து ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்த வெடிப்பில் புதைந்த பொம்பெய் நகரின் சுவர் ஒன்றில் அக்டோபர் மாதத் தேதியோடு கரியால் கிறுக்கப்பட்ட வரி 2018-இல் கிடைத்த பிறகு, வெடிப்பே அக்டோபரில்தான் நடந்திருக்கும் என்ற கருத்து வலுத்துவிட்டது. தேதியை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதுவது என் வழக்கம்.

இனி உயரம். என் தொழில் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘முழங்கால் அளவு’ என்று எழுதினால், யாருடைய முழங்கால்? தண்ணீர் வடிந்ததும் சுவரில் சேற்றுக்கோடு ஒன்று நிற்கும். வீட்டைக் கழுவித் துடைப்பதற்கு முன், ஓர் அளவுநாடாவை அதன் அருகே செங்குத்தாகப் பிடித்துப் படம் எடுங்கள். நாடாவின் அடிநுனி எங்கே நிற்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். வெளிச்சுவரில் அலையடித்து கோடு மேலும் கீழுமாக இருக்கும். அறைக்குள் தண்ணீர் அசையாமல் நிற்பதால் உள்சுவரின் கோடே நம்பத்தக்கது. சாலையிலிருந்து அளக்காதீர்கள். சாலை போடப்போட உயரும். பழைய கட்டடத்தின் அடித்தளம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் போல எளிதில் மாறாத ஒன்றிலிருந்து அளந்து, அது எதுவென்றும் எழுதுங்கள். தண்ணீர் வாசல் வழியாக வந்ததா, கழிவறைக் குழாய் வழியாக மேலெழுந்ததா? இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மாடியிலிருந்து பார்க்க முடிந்தால், மிதந்துவரும் ஒரு பொருள் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்தை அடைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பின்னால் அந்தத் தூரத்தை அளந்தால் ஓட்டத்தின் வேகம் கிடைத்துவிடும்.

புயல் என்றால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, எப்போது அடங்கியது, மீண்டும் எந்தத் திசையிலிருந்து தொடங்கியது என்பவை முக்கியம். நடுவில் வந்த அந்த அமைதி, புயலின் கண் உங்களைக் கடந்த நேரமாக இருக்கலாம். நிலநடுக்கம் என்றால் எந்த மாடியில் இருந்தீர்கள், உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, தொங்கும் விளக்கு ஆடியதா, அலமாரி சாய்ந்ததா என்று எழுதுங்கள். ரிக்டர் எண் உங்கள் வேலை அல்ல, கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். ஓரிடத்தில் அதிர்ச்சி எவ்வளவு கடுமையாக உணரப்பட்டது என்பதைக் குறிக்கும் மெர்காலி அளவுகோலுக்கு இந்த விவரங்கள்தான் வேண்டும். 1755 நவம்பர் 1-இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்த பிறகு, போர்த்துகல் அரசு ஊர் ஊராகக் கேள்விப்பட்டியல் அனுப்பியது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் கேட்டார்கள். அந்தப் பதில்களை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. நீங்கள் எப்போது முடிவெடுத்தீர்கள், ஏன்? எச்சரிக்கையைக் கேட்டும் வீட்டிலேயே இருந்தால் அதன் காரணம் என்ன? நடக்க முடியாத பெரியவரா, கட்டிப்போட்ட மாடா, போன முறை ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணமா? கிளம்பியிருந்தால், எதைப் பார்த்தபின் கிளம்பினீர்கள்? அந்த நேரத்தில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பிறகு தெரிந்ததை வேறு பத்தியில் வையுங்கள். இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907-இல் ஆழிப்பேரலை தாக்கியது. நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஏழு பேர் மட்டுமே இறந்தார்கள். எதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற அந்த ஒரு வரி உங்கள் குறிப்பிலும் இருக்கட்டும்.

பிறரிடம் கேட்டு எழுதுவதானால் அவசரம் காட்டாதீர்கள். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டியும் சொல்கிறது. “அப்போது எங்கே இருந்தீர்கள், அம்மா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அழுகிறவரின் கண்முன் குறிப்பேட்டைப் பிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. குழந்தைகளையும் விசாரியுங்கள், ஓடையில் தண்ணீர் நிறம் மாறியதைப் பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் கண்டிருப்பார்கள். பெயரை எழுத அனுமதி கேளுங்கள். தானே கண்டவை, உடனே கேட்டறிந்தவை என்று பிளினி சொல்லியே எழுதினார். நீங்களும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ‘கண்டது’, ‘கேட்டது’ என்று குறித்துவிடுங்கள்.

எழுதப் பென்சில் நல்லது, நனைந்தாலும் எழுத்து கரையாது. ஒரு படியை உங்கள் வீட்டிலும், மற்றொன்றை மேட்டுநிலத்தில் அல்லது வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். படங்களைக் கைபேசியோடு விட்டுவிடாமல் நினைவகத் தட்டு ஒன்றிலும் சேமியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிய நாளையும், அது பேரிடர் நிகழ்ந்து எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்க வேண்டும். பிறகு எதையாவது திருத்த நேர்ந்தால் பழையதை அழிக்காதீர்கள். அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, திருத்தத்தைத் தேதியுடன் பக்கத்தில் எழுதுங்கள்.