பனியை உருக்கும்போது செய்யக்கூடாதவை

காட்பாடியில் ரயில் ஏறி, ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் இது நடக்கிறது. கூடாரம் அடித்த முதல் சாயங்காலம், யாராவது ஒருவர் குடிதண்ணீருக்காகக் காலிப் பாத்திரத்தில் பனியை அள்ளி அமுக்கி, ஸ்டவ்வை முழு வேகத்தில் திருகிவிடுவார். நானும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். இன்றும் பார்த்தால் கை பதறுகிறது.

காய்ந்த பாத்திரத்தில் பனி போடுவது

பாலாற்று மணலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் எங்கே போனதென்று தெரியாது. பனியும் அப்படித்தான். அடியில் உருகும் சொட்டுகளை மேலே இருக்கும் பனி உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரத்தின் அடி காய்ந்தே கிடந்து தீயும். மெல்லிய அலுமினியம் என்றால் நெளிந்தும்விடும். என்னுடையது நெளிந்தது, பயணம் முடியும்வரை ஸ்டவ்மேல் ஆடிக்கொண்டே இருந்தது. கிடைத்த தண்ணீரிலும் தீய்ந்த வாடை. அவ்வளவு தாகத்திலும் தொண்டையில் இறங்கவில்லை, கொட்டினேன்.

கொட்டியது தண்ணீர் மட்டுமல்ல, கேஸும்தான். 0 டிகிரி பனியை 0 டிகிரி தண்ணீராக்கப் பிடிக்கும் வெப்பத்தில், அதே அளவு தண்ணீரை 80 டிகிரிவரை சுடவைக்கலாம். புதுப்பனி 10 லிட்டர் அள்ளினால் 1 லிட்டர் தேறுவதே அதிகம்.

பால் காய்ச்சும் முன் அம்மா பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விடுவாரே, அதேதான் வழி. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மிதமான தீ, ஒரு கைப்பிடி பனி. அது கரைந்த அப்புறம் அடுத்த கைப்பிடி.

கடைசி மடக்கையும் குடித்துவிடுவது

அந்த இரண்டு விரல் தண்ணீர் வேறெங்கிருந்து வரும்? ஒரு பாட்டிலில் மிச்சம் வைத்து, மூடியை இறுக்கி, தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையோரப் பனியை அள்ளுவது

மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகள் நடக்கும் வழி அது. தள்ளிப்போய், மேலடுக்கை வழித்துவிட்டு அள்ளுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும்.

பனியை அப்படியே தின்பது

உடம்புச் சூடு போய்விடும்.

கூடாரத்துக்குள் ஸ்டவ்

கூடவே கூடாது. ஸ்டவ்விலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு வாடை கிடையாது.

பாட்டிலை நிமிர்த்தி வைப்பது

பைக்குள் அடங்காத பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறைய ஆரம்பிக்கும். காலையில் மூடி திறக்கும்.