தீப்பந்தத்தை எண்ணி ஆடுங்கள்: 1981 பேசிக் டி அண்ட் டி நடத்தும் முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி), ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் மேசை விளையாட்டு, முதன்முதலில் 1974-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். பழைய பாணியில் ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பேசிக் பதிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. மொத்தமே 64 பக்கம். அதில் ஒரு பக்கம்கூட வீண் இல்லை. ஆனாலும் சில குழுக்களில் ஆட்டம் சப்பென்று போய்விடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிலவறைக்குள் நேரம் எவ்வளவு ஓடியது என்று யாரும் எண்ணுவதில்லை.

கேரக்டர் போட கால் மணி நேரம் போதும். மூன்று அறுமுகப் பகடைகளை ஆறு முறை உருட்டி, வலிமை, அறிவு முதலான ஆறு திறன்களுக்கும் வந்த வரிசையிலேயே எழுதுங்கள். வீரனுக்கு உயிர்ப்புள்ளி எண்முகப் பகடையில் ஒரு உருட்டு, மந்திரவாதிக்கு நான்முகப் பகடையில் ஒன்று. ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு மந்திரவாதி கிளம்புவது சகஜம். புள்ளி பூஜ்யமானால் சாவு, ஆகவே ஆளுக்கொரு உபரி கேரக்டர் தயாராக இருக்கட்டும்.

கையிருப்பு, மூன்று பகடையின் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கினால் வரும் பொற்காசு, சராசரி 105. தகட்டுக் கவசம் 60, கேடயம் 10, வாள் 10 என்று வாங்கினால் மிச்சம் 25 காசு. அதில் 6 தீப்பந்தம் 1 காசு, 50 அடி கயிறு 1, பத்தடிக் கோல் 1, 12 இரும்பு முளை 1. இந்த நான்கையும் மறந்துவிட்டு உள்ளே போகும் குழு முதல் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். பந்தம் பிடிப்பவர் வாளையும் கேடயத்தையும் சேர்த்துப் பிடிக்க முடியாது என்பதால், யார் பிடிப்பது என்பதை வாசலிலேயே முடிவு செய்யுங்கள்.

இனி டர்ன். ஒரு டர்ன் என்றால் ஆட்டத்துக்குள் பத்து நிமிடம். நடத்துபவர் ஒரு தாளில் வரிசைக்கு ஆறு கட்டம் போட்டு, டர்ன் முடிய முடிய ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வரிசை தீர்ந்தால் ஒரு பந்தம் அணைந்தது என்று அர்த்தம். ஆறாவது கட்டம் ஓய்வு. ஓய்வெடுக்காத குழுவுக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்று குறையும். இரண்டாவது, நான்காவது, ஆறாவது கட்டங்களில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வந்ததும் அறுமுகப் பகடையை உருட்டி, 1 விழுந்தால் சுற்றித் திரியும் ஜந்து ஒன்று எதிர்ப்படும். மணிக்கு மூன்று உருட்டு என்றால், ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒன்று வந்து நிற்க நூற்றுக்கு 42 வாய்ப்பு. பத்தடிக்குப் பத்தடி இடத்தைத் துழாவவும் ஒரு டர்ன் ஆகும். "இந்தச் சுவரையும் பார்த்துவிடலாமா?" என்ற கேள்விக்கு விலை வருவது இப்போதுதான். கட்டம் அடிக்காத மேசையில் எல்லாச் சுவரையும் எல்லாரும் தடவிக்கொண்டே இருப்பார்கள், ஆட்டம் நகராது.

பொறிகளைப் பகடையால் மட்டும் தீர்க்காதீர்கள். "தரையில் மூன்று கல் மட்டும் தூசி இல்லாமல் இருக்கிறது" என்று நடத்துபவர் சொல்ல வேண்டும். "கோலால் நடுக்கல்லை அழுத்துகிறேன்" என்று ஆடுபவர் சொன்னால், பகடைக்கு வேலையே இல்லை. கல் உள்வாங்குகிறது, பள்ளம் தெரிகிறது. குறிப்பே கொடுக்காமல் பொறி வைத்தால் ஆடுபவர்கள் அடிக்கொரு முறை கோலால் தட்டியபடி ஊர்ந்து போவார்கள். அது அவர்கள் தப்பு அல்ல.

புதிதாக நடத்துகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது எதிர்வினை உருட்டு. ஜந்து எதிர்ப்பட்டதுமே சண்டை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு அறுமுகப் பகடை உருட்டுங்கள்: 2 வந்தால் உடனே பாயும், 3 முதல் 5 வரை பகைமை, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 11 வரை தாக்காது, 12 வந்தால் நட்பு. காப்ளின் என்ற குட்டிப் பூதக் கூட்டத்துக்கு 7 விழுந்தால் அவை ஈட்டியை நீட்டியபடி, இவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்து நிற்கும். உணவுப் பொட்டலத்தை நீட்டலாம், வழி கேட்கலாம், பேரம் பேசலாம். சண்டையே மூண்டாலும், ஒன்று செத்ததும் மனவுறுதி உருட்டு உண்டு. காப்ளினின் மனவுறுதி 7. இரு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஓடிவிடும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு சண்டையும் கடைசி ஜந்து சாகும் வரை இழுத்து, முதல் நிலைக் குழுவைக் கொன்றுவிடும்.

சண்டையைத் தவிர்ப்பது இங்கே கோழைத்தனம் ஆகாது, கணக்கும் அப்படித்தான். வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஒரு காப்ளினைக் கொன்றால் கிடைப்பது 5 புள்ளி, அதையும் குழு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. காப்ளின்கள் தூங்கும்போது பெட்டியைத் தூக்கி வந்த குழுதான் நன்றாக ஆடிய குழு.

வரைபடம் ஒருவர் பொறுப்பு. கிராஃப் தாளில் ஒரு கட்டம் பத்தடி. கோணலாக வந்தாலும் கவலை இல்லை, வாசலுக்கு வழி தெரிந்தால் போதும்.

திரும்பும் கணக்கை உள்ளே போகும்போதே போடுங்கள். இரும்புக் கவசத்தில் ஒரு டர்னுக்கு 60 அடி. ஓய்வு போக ஐந்து டர்னில் 300 அடி, ஒரு பந்தம். அதே தூரம் புதையல் சுமையோடு திரும்பினால் டர்னுக்கு 30 அடிதான்: நடக்கப் பத்து டர்ன், ஓய்வுக்கு இரண்டு, ஆக இரண்டு பந்தம். ஆறு பந்தத்தோடு போன குழு, இரண்டாவது பந்தம் அணைந்ததும் திரும்பிவிட வேண்டும். வழியில் சண்டை வந்தால் அதற்கென்று மிச்சம் ஒன்றும் இருக்காது; அதனால் முதலிலேயே இன்னொரு காசு போட்டு பன்னிரண்டாக வாங்கிவிடுங்கள்.