வீட்டில் கட்டும் காருக்குத் துணியால் பாடி: முதல்முறை செய்பவர்களுக்கு

சேஸிஸ் முடிந்துவிட்டது, இன்ஜின் உட்கார்ந்துவிட்டது, சக்கரமும் சுற்றுகிறது. சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களில் பலர் இதற்கு அப்புறம்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இனி பாடி கட்ட வேண்டும். தகரத்தைத் தட்டி வளைக்கக் கை பழகியிருக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் என்றால் அச்சு செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கொஞ்சம் பொறுமை இருக்கிறவர்களுக்குத் துணி ஒரு நல்ல வழி.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1920-களில் சார்லஸ் வெய்மன் என்ற விமானி மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய கார் பாடிகளைப் பிரபலமாக்கினார். மரத்தோடு மரம் உரசாதபடி மூட்டுகளில் உலோகப் பட்டை வைத்து நடுவே இடைவெளி விட்டிருந்தார், அதனால் அந்தக் கார்களில் கிறீச் சத்தம் வராது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1971 வரை தயாரான வெலோரெக்ஸ் என்ற மூன்று சக்கர வண்டிக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே ரெக்ஸின், அவ்வளவுதான். 2008-இல் பி.எம்.டபிள்யூ காட்டிய ஜீனா என்ற மாதிரிக் காரில் நீளும் துணியையே முழு உடம்பாகப் போர்த்தியிருந்தார்கள்.

எடையைப் பார்த்தால் ஆசை வரும். 0.8 மி.மீ இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் இருக்கும். பி.வி.சி பூசிய தார்ப்பாய்த் துணி சுமார் அரைக் கிலோ. சிறு விமானங்களுக்குப் போர்த்தும் பாலியெஸ்டர் துணி வெறுமனே 100 கிராம்கூட வராது.

முதலில் துணியால் முடியாதவை

தகரம் தைத்த பாடியில் தகரமும் கொஞ்சம் பாரம் தாங்கும், சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். துணி அந்த வேலையைச் செய்யாது. ஆகவே சட்டத்தில் உள்ள ஒவ்வொரு நாற்கரத்திலும் குறுக்கே ஒரு குழாய் போட்டு முக்கோணமாக்க வேண்டும். மேலே போர்த்தினால் தானாக உறுதி வரும் என்று நினைத்து இதை விட்டுவிட்டால், முதல் மேடு பள்ளத்திலேயே துணியில் மூலைக்கு மூலை சுருக்கம் விழும்.

பக்கவாட்டு மோதலில் துணி எதையும் தடுக்காது. கதவு உயரத்தில் கனமான குழாய் ஓட வேண்டும். தரை, இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவே வரும் தடுப்பு, சக்கரத்துக்கு மேலே கல் அடிபடும் வளைவு, இந்த மூன்றும் தகரத்தில்தான் இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது. வண்டியைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் வேலை ஆரம்பிக்கும் முன்பே விதிகளைக் கேட்டுவிடுங்கள்.

எந்தத் துணி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூடு பட்டால் சுருங்கும் பாலியெஸ்டர் துணி. சட்டத்தில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் இழுத்து, மேலே பெயின்ட் ஏற்றுவது. பார்க்கத் தகடு மாதிரியே வழவழப்பாக வரும், ஆனால் கழற்ற முடியாது. இன்னொன்று, பி.வி.சி பூசிய துணி அல்லது ரெக்ஸின். தைத்து, பட்டனோ கயிறோ போட்டு இழுத்துக் கட்டுவது. வேண்டும்போது கழற்றலாம், உள்ளே கை விட்டு வேலை செய்யலாம்.

முதல் வண்டிக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் வண்டியில் எதையாவது மறந்திருப்போம், மறுபடி திறக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் அல்லது முன்மூக்கு மட்டும் சுருங்கும் துணியில் செய்து கை பழகிக்கொள்ளலாம்.

நைலான் வேண்டாம். ஈரம் பட்டால் தொய்யும், வெயிலில் சீக்கிரம் உளுத்துப்போகும். பருத்தி நூலும் வேண்டாம், துணி நன்றாக இருக்கும்போதே தையல் இற்றுவிடும். துணி, நூல் இரண்டுமே பாலியெஸ்டராக இருக்கட்டும்.

சட்டத்தில் விலா எலும்புகள்

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். துணி வெட்டித் தைப்பது எல்லாம் இதற்கு அப்புறம் வரும் சின்ன வேலை.

விரித்த குடையைக் கவனித்துப் பாருங்கள். கம்பி ஓடும் இடத்தில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே துணி உள்ளே தாழ்ந்திருக்கும். இழுத்துக் கட்டிய எந்தத் துணியும் இப்படித்தான் நிற்கும். உப்பிய பானை வடிவம் துணியில் தானாக வராது. அந்த வடிவம் வேண்டுமென்றால் நெருக்கமாக விலா (சட்டத்தில் துணியைத் தாங்கும் குழாய்) வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆகவே படம் வரையும்போதே ஒரு பக்கம் மட்டும் வளையும் பரப்புகளாகப் போடுங்கள். முனை தெரியும் கோடுகளை மறைக்கப் பார்க்காதீர்கள், துணிக் காருக்கு அதுதான் அழகு.

அடுத்தது காற்று. 60 கி.மீ வேகத்தில் எதிர்க்காற்று நேராக மோதும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ அழுத்தம் விழும். 100 கி.மீ-யில் அது 47 கிலோ. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். பக்கங்களிலும் மேலேயும் காற்று உள்ளே அழுத்தாது, வெளியே உறிஞ்சும். நிற்கும்போது விறைப்பாகத் தெரிந்த துணி ஓடும்போது உப்பிப் படபடக்க ஆரம்பிக்கும். படபடக்கும் துணி நீண்ட நாள் தாங்காது, தையல் ஓரத்திலேயே கிழிந்துவிடும். பெரிய பரப்புகளில் இரண்டு விலாக்களுக்கு நடுவே 30 செ.மீ-க்கு மேல் விடாதீர்கள் என்பது என் கணக்கு. முன்பக்கம் இன்னும் நெருக்கமாக இருக்கட்டும்.

வெல்டிங் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையைக் குழாய்களின் மேல் ஓட்டுங்கள். விரலில் தட்டுப்படும் ஒவ்வொரு வெல்டிங் பொட்டும் துணி மேல் பரு மாதிரி தெரியும், நாளாக ஆக அதே இடத்தில் துணி தேய்ந்து ஓட்டை விழும். ராவி, உப்புத்தாள் போட்டு, ஸ்க்ரூ தலைகள் மேல் துணி டேப் ஒட்டிவிடுங்கள். குழாய்க்கு எபாக்ஸி பிரைமர்தான் அடிக்க வேண்டும். துணி ஒட்டும் பசையில் உள்ள கரைப்பான் சாதாரண பெயின்டை உரித்துவிடும், பசை பெயின்டோடு சேர்ந்து கழன்றுவிடும்.

மாதிரி வெட்டுதல்

நல்ல துணியில் நேராகக் கத்தரி வைக்காதீர்கள். பழைய போர்வையோ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ எடுத்துச் சட்டத்தின் மேல் விரித்து, கிளிப் போட்டுப் பிடித்து, குழாய் ஓடும் கோட்டை மார்க்கரால் வரையுங்கள். எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே ஒரு தையல் வர வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தையலையும் ஒரு விலாவின் மேலேயே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

நெய்த துணி பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) அதிகம் நீளாது, மூலைவிட்டமாக இழுத்தால் நீளும். அதனால் பாவு நூல் காரின் நீளவாக்கில் வரும்படி எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கதவு நேராகவும் இன்னொரு கதவு குறுக்காகவும் வெட்டினால் இரண்டும் இரண்டு விதமாகத் தொய்யும்.

தைத்துக் கட்டுதல்

பி.வி.சி துணி என்றால் ஓரத்தில் 4 செ.மீ மடிப்பு விட்டு இரட்டைத் தையல் போடுங்கள். தையல் மிக நெருக்கமாக இருந்தால் ஊசித் துளைகளே கிழிசலுக்கு வழி செய்துவிடும், 4 மி.மீ நீளத் தையல் போதும். மடிப்புக்குள் ஒரு நாடா வைத்துத் தைத்தால் பட்டனும் ஐலெட்டும் (துணித் துளையில் அடிக்கும் உலோக வளையம்) பிடித்து நிற்கும்.

கட்டும்போது ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துச் சுற்றி வராதீர்கள். முதலில் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளி, அப்புறம் எதிரெதிராக ஒன்றுவிட்டு ஒன்று, மூலைகள் கடைசியில். உட்பக்கம் ஐலெட் வழியாகக் கயிறு கோத்து இழுத்தால் தொய்வு வரும்போது மறுபடி முறுக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே பெரிய பரப்புகளுக்கு நான் பட்டனைவிடக் கயிற்றைத் தேர்ந்தெடுப்பேன். முன் துண்டின் ஓரம் பின் துண்டின் மேல் படிய வேண்டும். மாறிப்போனால் காற்று அந்த இடுக்கில் புகுந்து தூக்கிவிடும்.

சுருங்கும் துணி என்றால்

முதலில் இரண்டடிக்கு இரண்டடி சட்டம் ஒன்று செய்து அதில் பழகுங்கள். இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், வெப்பமானி வைத்து அளந்து திருகில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துணியைக் கொஞ்சம் தளர்வாகவே ஒட்டலாம். குழாயில் குறைந்தது 25 மி.மீ அகலம் பசை பிடிக்க வேண்டும். பசை முழுதாகக் காய்ந்த பின் 120 டிகிரி செல்சியஸில் ஒருமுறை, 150-இல் ஒருமுறை, கடைசியாக 175-ஐ ஒட்டி ஒருமுறை என்று பரப்பு முழுவதும் சீராகத் தேயுங்கள். கண்ணெதிரே சுருக்கங்கள் மறைந்து துணி விறைப்பாவது இந்த வேலையிலேயே சந்தோஷமான கட்டம். அந்த உற்சாகத்தில் சூட்டை இன்னும் ஏற்றினால் விறைப்பு நிரந்தரமாகத் தளரும், இன்னும் போனால் உருகிவிடும். ஹீட் கன் இதற்குச் சரிப்படாது, ஒரே இடத்தில் சூடு குவியும்.

துணி சுருங்கும் இழுவிசை சாதாரணமானது இல்லை. மெல்லிய குழாயையும் மரச் சட்டத்தையும் உள்நோக்கி வளைத்துவிடும். ஓரக் குழாய்களுக்குப் பின்னால் முட்டு கொடுத்த பிறகே கடைசிச் சூட்டுக்குப் போங்கள்.

அப்புறம் பெயின்ட். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் பாலியெஸ்டரின் எமன். அதனால் துணிக்குள் இறங்கும் முதல் பூச்சுக்கு மேல், அலுமினியத் தூள் கலந்த பூச்சு ஏற்றிவிட்டுத்தான் நிறம் அடிக்க வேண்டும். உள்ளே பல்பு வைத்துப் பார்த்தால் வெளியே வெளிச்சம் கசியக் கூடாது, அதுதான் சோதனை. வளையாத கெட்டி பெயின்ட் எதுவும் வேண்டாம், பாளம் பாளமாக வெடிக்கும். பழைய விமானங்களின் துணியில் பூசிய நைட்ரேட் டோப் என்ற பூச்சின் பக்கமே போகாதீர்கள், பயங்கரமாகத் தீப்பிடிக்கும். எந்தப் பூச்சானாலும் கதவு ஜன்னல் திறந்து, முகமூடி போட்டு அடியுங்கள்.

சூடும் தண்ணீரும்

சைலன்சர் குழாய்க்கு அருகே துணி வரவே கூடாது. பி.வி.சி 80 டிகிரியிலேயே இளகிவிடும். அந்தப் பகுதியில் தகரம் போட்டு, தகரத்துக்கும் துணிக்கும் நடுவே காற்றோட்டம் விடுங்கள்.

தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். ஒவ்வொரு பகுதியிலும் மிகத் தாழ்வான இடத்தில் ஐலெட் அடித்து வடிதுளை வையுங்கள். இல்லாவிட்டால் துணிக்கு ஒன்றும் ஆகாது, அடியில் இருக்கும் குழாய்தான் யார் கண்ணுக்கும் தெரியாமல் துருப்பிடிக்கும்.

முதல் ஓட்டம்

30 கி.மீ-யில் ஆரம்பித்து, பத்துப் பத்தாக ஏற்றுங்கள். பக்கத்தில் இன்னொரு வண்டியில் வருகிறவர் வீடியோ எடுத்தால் எந்தப் பரப்பு உப்புகிறது, எது படபடக்கிறது என்று தெளிவாகத் தெரியும். திரும்பி வந்ததும் கயிறுகளை மறுபடி முறுக்குங்கள். புதுத் துணி முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும்.

கிழிந்தால் கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ கூடுதலாக வருமாறு அதே துணியில் ஒட்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலையிலிருந்துதான் ஒட்டு உரியத் தொடங்கும். கிழிசல் 10 செ.மீ-க்கு மேல் இருந்தால் வளைந்த ஊசியால் இரண்டு உதடுகளையும் சேர்த்துத் தைத்துவிட்டு அதன் மேல் ஒட்டுங்கள்.